முகூர்த்த நாளில் மட்டும் இயங்கிய கருவி

அம்பாசமுத்திரம்,
ஆடி 2, வெள்ளி - ஜூலை 18

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை அலுவலர் திரு. ஜோயல் அவர்களுக்கு, பிரமநாயகி ஆவுடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்கள் கேட்டது பத்து நாள்களுக்கான குறிப்பு. நான் மின்னஞ்சலில் அனுப்புவதோ ஒரு மாதக் குறிப்பு. அதுவும் மூன்று வாரம் தாமதமாக. பொறுத்தருள்க. இதற்குக் காரணம் சோம்பல் அன்று. விடை காணாத கணக்கை ஏட்டோடு பிறர் கையில் கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை.

"வைஃபை எக்ஸ்டெண்டர் எப்பப்ப கட் ஆகுதோ அந்த நேரத்தையும், அப்ப வீட்ல என்ன நடந்துச்சுங்கறதையும் எழுதுங்க மேடம், எதையும் விடாதீங்க" என்றீர்கள். அவ்வாறே எழுதினேன். குடும்பச் செய்திகள் சில இடையிடையே வந்திருக்கும். கருவியின் நடத்தையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க என்னால் இயலவில்லை. நான் எட்டாம் வகுப்புவரை பள்ளியில் பயின்றவள். மற்றவற்றை நானே பயின்றேன். ஆகவே பிழை இருப்பின் அது என்னுடையதே, பள்ளியுடையதன்று.

குறிப்புகள் பின்வருமாறு.

ஆனி 3, செவ்வாய் - ஜூன் 17

முதற்கண் இட விவரம். எங்கள் வீடு நீளமானது. தெருப்பக்கம் என் கணவரின் வாடகைப் பாத்திரக் கடை. கடைக்குப் பின்னால் கிட்டங்கி, அதாவது சரக்கறை. அதன் பின்புறத்தில் மாடிப்படி. மாடியில் ஒரே அறை. அதில் மருமகள் மிருதுளா. இணையத்தைக் கொண்டுவரும் திசைவி, அதாவது எல்லோரும் மோடம் என்பது, கடையில் இருக்கிறது. அதன் அலை மாடிவரை எட்டாததால், தங்கள் நிறுவனத்தின் கருவியை வாங்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில் பொருத்தினோம். 'எக்ஸ்டெண்டர்' என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்குமாதலால் இனி அதனை வலைநீட்டி என்பேன்.

வைகாசி 25, ஞாயிறு, நல்ல நாள் பார்த்துப் பொருத்தினோம். நாள் பார்த்தவர் என் கணவர். இரண்டு நாள் தங்கமாக இயங்கிற்று. பின்னர் அறுபடத் தொடங்கிற்று.

இன்று காலைமுதல் நன்றாக இருந்தது. மதியம் மூன்று பத்துக்கு முதல் அறுபாடு. நேற்றைய கல்யாணத்துப் பாத்திரங்கள் வேனில் திரும்பி வந்த இரைச்சலில் நான் கவனிக்கவில்லை. மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்துதான் சொன்னாள்.

"அத்தை, மறுபடி போயிட்டு. மீட்டிங்ல பாதி வாக்கியத்துல நின்னுட்டேன்."

"எந்த வாக்கியம்?"

"'எந்தப் பிரச்சினையும் இல்லை'ங்கற வாக்கியம்."

அவள் சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். வங்கிகளுக்கான மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி உண்டு. ஆனால் அவளுடைய மேலாளர் ஆனி மாதம் முடியும்வரைதான் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் இணைப்பு சீராகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு இடம் தயாராகவே இருக்கிறது: தூத்துக்குடியில் அவளுடைய தாய்வீடு. அங்கே இணைப்பு அறுவதே இல்லையாம். சம்பந்தியம்மாள் தங்கபுஷ்பம் இதை என்னிடம் நான்கு முறை தெரிவித்திருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஆடி. ஆடி ஒன்றாம் தேதி மகளை அழைத்துச் செல்ல அவர் வருவார். இணைப்பு சீராகியிருந்தால் மருமகள் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாள். இல்லையேல் கணினிப் பெட்டிகளோடு போய் அங்கேயே இருந்துவிடுவாள்.

எனக்கு இதில் தனிப்பட்ட ஈடுபாடு ஏதுமில்லை. அறிவியல் ஆர்வம் ஒன்றே.

ஆனி 4, புதன் - ஜூன் 18

பதினொரு முறை அறுந்தது. தங்கள் கையேடு நாற்பத்தாறு பக்கங்களையும் அகராதி துணையுடன் படித்து முடித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை உள்ளது, தனியே எழுதுகிறேன்.

கருவியை அணைத்து ஏற்றினேன். அலைத்தடத்தை ஒன்றிலிருந்து ஆறுக்கும் ஆறிலிருந்து பதினொன்றுக்கும் மாற்றினேன். 'மூன்றடிக்குள் உலோகப் பொருள்களோ கண்ணாடியோ இருக்கலாகாது' என்று ஒன்பதாம் பக்கம் கூறுவதால், படிக்கட்டுச் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியையும், வெண்கல மணியையும், ஆணியில் தொங்கிய குடைக்கம்பியையும் அகற்றினேன். இப்போது மூன்றடிக்குள் என்னைத் தவிர எதுவுமில்லை.

என் கணவர் படியின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இன்னைக்கு அஷ்டமி. அந்த டப்பாவ இன்னைக்குப் போயி நோண்டலாமா?"

"மின்காந்த அலைக்கு அஷ்டமி தெரியாது."

"கரண்டு பில்லு கட்டவே நாள் பாக்கேன். இவ அலைக்குத் தெரியாதுங்கா."

அறுபட்டபோதெல்லாம் மருமகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து என் மேசையின் மறுபுறம் அமர்ந்தாள். திசைவி அருகிலிருப்பதால் அங்கே நன்றாக எடுக்கும். ஆனால் தெரு இரைச்சலில் கூட்டம் பேச முடியாது. பேச இயலாத நேரத்தில் அவள் எனக்குக் கையேட்டின் ஆங்கிலத்தை விளக்கினாள். நான் அவளுக்கு 'அலைவரிசை' என்பதற்கும் 'அலைத்தடம்' என்பதற்கும் வேறுபாடு சொன்னேன். பொழுது போனது தெரியவில்லை. தங்கள் பார்வைக்கு இது தேவையற்ற விவரமாயின் கோடிட்டுவிடுக.

ஆனி 6, வெள்ளி - ஜூன் 20

ஒன்பது முறை. மதியம் கத்தரிக்காய்த் துவையல்.

ஆனி 8, ஞாயிறு - ஜூன் 22

விடுமுறை. ஆயினும் எண்ணினேன்: ஏழு முறை.

சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

"மதினி, நல்லா இருக்கீயளா? புள்ள லைன் போவுது போவுதுன்னு பொலம்புதா. இங்க ரூம ஒழிச்சுப் போட்டிருக்கேன். ஏசி உண்டு."

"இங்கும் காற்றோட்டம் உண்டு."

"காத்து இருக்கும் மதினி. காத்துல லைன் வரணும்லா?"

 பதில் தோன்றியபோது அவர் வைத்துவிட்டார். நல்ல பதில், வீணாயிற்று.

ஆடியில் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்காகவே தாய்வீட்டுக்கு அழைக்கிறார்கள். என் மகன் சிவநேசன் பங்குனியிலிருந்து சரக்குக் கப்பலில் கடல்மேல் இருக்கிறான். யாரை யாரிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனி 11, புதன் - ஜூன் 25

தாங்கள் தொலைபேசியில் சொன்னபடி கருவியின் உள்மென்பொருளைப் புதுப்பித்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. பாதியில் அறுந்தால் கருவி செத்துவிடும் என்று தாங்கள் எச்சரித்ததால், கம்பி கொண்டு திசைவியோடு நேராக இணைத்துச் செய்தேன். இவ்வூரில் இதைச் செய்த முதல் பெண் நானாக இருக்கக்கூடும். மீண்டும் படிக்கட்டில் பொருத்தினேன். பத்து முறை அறுந்தது.

திசைவியையே மாடிக்கு மாற்ற இயலுமா என்று இணைப்பு நிறுவனத்தைக் கேட்டேன். ஆவணிக்குப் பிறகே ஆள் வருமாம்.

ஆனி 12, வியாழன் - ஜூன் 26

காலையில் எட்டு முறை. நாளைய கல்யாணங்கள் மூன்றுக்கும் பாத்திரங்கள் மாலை ஐந்து மணிக்குள் ஏறிவிட்டன. சுமை ஏற்றும் மாசானத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, தைலம் கொடுத்தேன். ஐந்துக்குப் பின் ஒரு முறைகூட அறவில்லை. என் அலைத்தட மாற்றம் பலிக்கத் தொடங்கிவிட்டது என எண்ணுகிறேன்.

ஆனி 13, வெள்ளி - ஜூன் 27

தாங்கள் அனுப்பிய பழுதுபார்ப்பவர் வந்தார். அவர் புதனன்றே வருவதாகச் சொன்னார். "அமாவாசையும் அதுவுமா ஒண்ணும் வேண்டாம், வெள்ளிக்கிழம நல்ல முகூர்த்தம், அன்னைக்கு வாரும்" என்று என் கணவர் நாளை மாற்றியிருந்தார்.

அவர் முக்கால் மணி நேரம் இருந்தார். கருவி ஒரு தடவைகூட அறவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மேடம், சூப்பரா எடுக்குது. நீங்க எதையும் தொடாம இருந்தாலே போதும்."

நாற்பத்தாறு பக்கம் படித்தவளிடம் சொல்லத்தக்க சொல் அன்று. ஆயினும் மோர் கொடுத்தனுப்பினேன்.

மருமகள் நாள் முழுதும் மாடியிலேயே இருந்தாள். நான்கு கூட்டங்கள் பேசினாளாம். கருவி மிகச் சிறப்பாக இயங்கிற்று. கடையில் பொழுது மிக மெதுவாகப் போயிற்று.

ஆனி 14, சனி - ஜூன் 28

பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் அறுந்தது. நான் எதையும் தொடவில்லை.

ஆனி 16, திங்கள் - ஜூன் 30

இதுவரை எழுதியவற்றையும், அதற்கு முன் நினைவிலிருந்தவற்றையும் மருமகள் கணினியில் அட்டவணையாக்கினாள். அறாத நேரங்களைப் பச்சையாகத் தீட்டினாள். பின்பு நாங்கள் இருவரும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். பச்சை விழுந்த இடங்கள்: வைகாசி 25, ஆனி 2, ஆனி 13. மூன்றும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சுபமுகூர்த்த நாள்கள்.

என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்த முகம்.

"பாத்தியா! டப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒனக்குத்தான் தெரியல."

"மாமா, முகூர்த்தம் காலையிலதான. பச்சை முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்கே?" என்றாள் மருமகள்.

"மாப்பிள்ளை அழைப்பு முந்தின நாள் சாயங்காலந்தானளா? பொறவு என்ன!"

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஜாதகத்தை நம்பாமலே மகனுக்குப் பெண் பார்த்தவள். பஞ்சாங்கம் பார்த்து இயங்கும் கருவியைத் தங்கள் நிறுவனம் தயாரிக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ஆயினும் உறுதி செய்து தெரிவித்தால் நலம்.

ஆனி 18, புதன் - ஜூலை 2

சுபமுகூர்த்தம். காலைமுதல் பதினான்கு முறை அறுந்தது! இவ்வளவு மகிழ்ச்சியாக நான் அறுபாடுகளை எண்ணியதில்லை. ஒவ்வொரு முறையும் கடைக்குப் போய் எண்ணிக்கையைக் கணவரிடம் தெரிவித்தேன்.

"இன்னைக்கு முகூர்த்தமே சரியில்ல. நமக்கு ஒரு ஆர்டர்கூட வரல. மண்டபத்துக்காரனே பாத்திரம் வாங்கிப் போட்டுட்டான்" என்று வேறு துயரத்தில் இருந்தார்.

அவர் மனத்தைத் தேற்றுவதுபோல் மாலையில் ஒரு பெரிய வேலை வந்தது. நாளை தேவாலயத்தில் அசனம். மூவாயிரம் பேருக்கு ஆட்டுக்கறியும் சோறும். கிட்டங்கியை வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள், கரண்டிகூட மீதியில்லை.

மருமகளின் மேலாளர் இன்று எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்: ஆடி ஒன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு வங்கிக்காரர்கள் முன்னிலையில் அவள் மென்பொருளை இணையவழி இயக்கிக் காட்ட வேண்டும். அன்று அறுந்தால் அதோடு முடிந்தது. அவள் அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "போனாப் போகட்டும் அத்தை, தூத்துக்குடி என்ன, ரெண்டு மணி நேரந்தான" என்றாள். எனக்குத் தெரியும், இரண்டேகால் மணி நேரம்.

ஆனி 19, வியாழன் - ஜூலை 3

அஷ்டமி. ஒருமுறைகூட அறவில்லை. அஷ்டமியில்!

பத்து மணியளவில் கடை மேசையில் அமர்ந்து, முகூர்த்தமும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் கருவி ஏன் இயங்குகிறது என்று எழுதத் தொடங்கினேன். பேனாவில் மையில்லை. "மிருதுளா, ஒரு பேனா எடுத்துட்டு வா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன். என் குரல் கிட்டங்கிக்குள் போய் இரண்டு முறை திரும்பி வந்தது. இந்த வீட்டில் என் குரல் எதிரொலித்து நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன்.

கடையில் அமர்ந்தபடியே, கிட்டங்கியைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, படிக்கட்டுத் திருப்பத்தில் வலைநீட்டியின் பச்சை விளக்கு தெரிந்தது.

இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த நாற்காலியில் அமர்கிறேன். இங்கிருந்து படிக்கட்டு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நடுவில் தரையிலிருந்து விட்டம்வரை அண்டாவும் தவலையும் சருவமும் இட்லிக் கொப்பரையும் அடுக்கியிருக்கும். பித்தளை, அலுமினியம், எவர்சில்வர்.

உலோகம்.

குடைக்கம்பியை அகற்றியவள் நான். வெண்கல மணியை அகற்றியவள். அறுநூறு பாத்திரங்களை உலோகம் என்று எண்ணவில்லை. அவற்றை நாங்கள் உலோகமாகப் பார்த்ததே இல்லை ஐயா. எங்களுக்கு அவை பாத்திரம். போகும், வரும், தேய்க்கப்படும், அடுக்கப்படும். ஒன்பதாம் பக்கத்தைப் படித்தபோது, 'உலோகப் பொருள்' என்றால் ஏதோ தொழிற்சாலையில் இருப்பது என்றே என் மனம் எடுத்துக்கொண்டது.

மருமகள் பேனாவோடு வந்து, நான் பார்த்த திசையில் பார்த்தாள்.  பிறகு, "அத்தை, மெக்கானிக்க மாமா நல்ல நாள் பாத்து வரச் சொன்னாகள்லா?" என்றாள்.

நல்ல நாளில் பாத்திரம் வீட்டில் இராது. பாத்திரம் இல்லாத நாளில் பழுது இராது. பழுதுபார்ப்பவரை நாங்களே பழுதில்லாத நாளாகத் தேடிப் பிடித்து வரவழைத்திருக்கிறோம்.

ஆனி 20, வெள்ளி - ஜூலை 4

பாத்திரங்கள் திரும்பின; மூன்று மணிக்கு அறுந்தது. காரணம் நிறுவப்பட்டது.

கணவரிடம் அறிக்கை சமர்ப்பித்தேன்: கிட்டங்கியின் நடுவே, கடையிலிருந்து படிக்கட்டுவரை, ஒரு முழ அகலத்துக்கு வழி விட்டு, பாத்திரங்களை இருபுறமும் மாற்றி அடுக்க வேண்டும்.

"அது எங்கப்பா அடுக்குன அடுக்குளா. பெரிசு பின்னால, சிறுசு முன்னால. கண்ண மூடிட்டு எடுப்பேன்."

"இனி கண்ணத் தொறந்துட்டு எடுங்க."

"ஆடி வருது. மொத்தச் சாமானும் வீட்டுக்கு வந்துரும். ஒரு முழம் விட்டா நாப்பது அண்டாவ எங்க வைக்க? ஒன் தலையிலயா?"

"நம்ம கட்டிலுக்கு அடியில வைக்கலாம். அளந்துட்டேன்."

"ஏன், அந்தப் புள்ள போனா ஒனக்கு என்ன இப்போ? ராத்திரிக்கு நாலு தோசை மிச்சம்."

இவ்வினாவுக்கும் கருவிக்கும் தொடர்பில்லாததால் நான் விடையளிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனி 21, சனி - ஜூலை 5

விடியற்காலை கிட்டங்கியில் பாத்திரம் உருளும் சத்தம். பூனை என எண்ணி எழுந்து போனால் என் கணவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் தந்தை அடுக்கிய அடுக்கைத் தனியாளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தூசி தட்டி ரொம்ப நாளாச்சு" என்றார்.

நானும் பார்க்காததுபோல் காப்பி போட்டேன்.

எட்டு மணிக்கு மாசானம் வந்தார். மருமகள் மாடியிலிருந்து அலையின் வலிமையைக் கைப்பேசியில் பார்த்துக் கூவுவதென ஏற்பாடு. எண் குறையக் குறைய நல்லது. அறுபதுக்குக் கீழே வந்தால் அறாது.

"எம்பத்தி நாலு!"

"மாசானம், அந்தக் கொப்பரைய வலப்பக்கம் தள்ளு" என்றேன்.

"தள்ளியாச்சுக்கா!"

"எழுவத்தொம்பது!"

"அண்ணாச்சி, நம்ம கொப்பரைக்கு அஞ்சு மார்க்கு!" என்றார் மாசானம்.

"எலேய், அந்தப் பெரிய தவலைய எடுத்துப் பாரு. அது எங்கப்பா காலத்துது. அதுக்கு எத்தன குடுக்கான்னு பாப்பம்" என்றார் என் கணவர்.

"எழுவது!"

"பாத்தியா! எங்கப்பான்னா ஒம்பது!"

எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, ஏலமா?" என்று கேட்டார். ஒன்றரை மணிக்கு ஐம்பத்தெட்டு வந்தது. மாடியில் மருமகள் கைதட்டுவது கீழே கேட்டது. எங்கள் கட்டிலுக்கடியில் இருபத்தாறு அண்டாக்கள். கணவர் புரண்டு படுத்தால் கோயில் மணிபோல் ஒலிக்கும்.

ஆனி 25, புதன் - ஜூலை 9

அறவில்லை.

ஆனி 28, சனி - ஜூலை 12

அறவில்லை. பச்சைக் குண்டூசித் தலைபோல் கடையிலிருந்தே விளக்கு தெரிகிறது. மருமகள் காலை ஒன்பதுக்கு மாடியேறினால் மாலை ஆறுக்கே இறங்குகிறாள். இதைத்தான் நாம் விரும்பினோம்.

தங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி: பழைய குறைமனுவின்படி கருவியை மாற்றித்தர ஆடி 5, திங்களன்று ஊழியர் வருவார்.

ஆனி 31, செவ்வாய் - ஜூலை 15

கடைசிக் கல்யாணத்துப் பாத்திரங்களும் திரும்பிவிட்டன. இனி ஆடி முழுதும் இங்கேதான். ஒரு முழ வழி தவிர எள் விழ இடமில்லை. எண்: அறுபத்தொன்று. விளிம்பில் நிற்கிறோம். மருமகளிடம் ஐம்பத்தொன்பது என்றே சொன்னேன். அவளும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஆமா அத்தை, அம்பத்தொம்பதுதான்" என்றாள்.

ஆடி 1, வியாழன் - ஜூலை 17

சம்பந்தியம்மாள் பத்தரைக்கே காரில் வந்திறங்கினார். பட்டுச்சேலை. ஆடிச் சீராக முந்திரிக்கொத்தும் அதிரசமும் நிறைத்து, முழங்காலளவு உயரத்தில் மூன்று பித்தளைத் தவலைகள். வாடகைப் பாத்திரக் கடைக்குத் தவலை கொண்டுவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. ஆனால் நல்ல கனம், பழைய வார்ப்பு.

"புள்ள எங்க மதினி? பெட்டியெல்லாம் கட்டிட்டாளா? டிக்கிய காலியா வச்சிருக்கேன்."

"பதினொரு மணிக்கு அவளுக்குக் கூட்டம். முடியட்டும்."

இருவரும் படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு அமர்ந்தோம். அவர் விளக்கைப் பார்த்தார்.

"இதையா பாத்துட்டு இருக்கீய?"

விளக்கினேன். பச்சை நலம், மஞ்சள் ஊசலாட்டம், சிவப்பு அறுபாடு. கிட்டங்கி நடுவேயுள்ள வழியையும் காட்டி, அதைக் கண்டறிந்த வரலாற்றையும் சொன்னேன். சற்று விரிவாகவே சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். அவரிடம் நான் எதிர்பாராத குணம்.

மாடியில் மருமகளின் குரல் தொடங்கிற்று. ஆங்கிலம். தெளிவாக, நிறுத்தி, பயமில்லாமல் பேசினாள். நான் அடுப்படிக்குக் காப்பி கலக்கப் போனேன். பால் பொங்கி வரும் வேளையில் சத்தம் கேட்டது.

"மதினி! மதினி! மஞ்சளாயிட்டு!"

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. ஓடினேன். நடந்தது இதுதான்: என் கணவர் காரிலிருந்து சீர்த் தவலைகளை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். கையில் பாத்திரம் இருக்க, கிட்டங்கியில் காலி இடம் கண்ணில் பட்டால், கால் தானே அங்கே போய்விடும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒரு முழ வழியின் நடுவே அடுக்கிவிட்டு, வெற்றிலை வாங்கப் போய்விட்டார்.

நான் கிட்டங்கி வாசலை அடைந்தபோது சம்பந்தியம்மாள் உள்ளே இருந்தார். பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அதிரசம் நிறைந்த மேல்தவலையைக் கட்டிப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். "பிடிங்க மதினி!" பிடித்தேன். இரண்டாவதையும் தூக்கினார். முந்திரிக்கொத்துகள் உருண்டோடின. மூன்றாவதை இருவருமாகக் கடைக்கு இழுத்தோம்.

திரும்பிப் பார்த்தோம். மஞ்சள். மஞ்சள். மாடியில் குரல் நின்றிருந்தது. சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்திருந்தார், வலிக்கும்படி.

பச்சை.

மேலே குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கிற்று. தரையில் கிடந்த முந்திரிக்கொத்தைப் பொறுக்கியபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் தங்களுக்கு எதையும் விடாமல் எழுதுவதாக வாக்களித்துள்ளேன்.

"மகளைக் கூட்டிட்டுப் போகத்தான வந்தீங்க? பேசாம இருந்திருந்தா பெட்டியோட வந்திருப்பாளே?"

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார், தூசியை ஊதிவிட்டு. "அதுக்காகப் புள்ள தோத்துப் போயா வரணும்?"

பிறகு, "அதோட, நீங்க சொல்லும்போது பாத்தேன் மதினி. அவளப் பத்திச் சொல்லுதீயளா, டப்பாவப் பத்திச் சொல்லுதீயளான்னே தெரியல" என்றார்.

இதற்கும் நான் விடையளிக்கவில்லை. இம்முறை இயலவில்லை.

கூட்டம் ஒரு மணி நாற்பது நிமிடம் நடந்தது. கீழே இறங்கியவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். மேலாளர் மகிழ்ந்தாராம், இங்கிருந்தே தொடரலாமாம். நடுவில் சில நொடி நின்றதற்கு மன்னிப்புக் கேட்டாளாம். "வாட் ஹேப்பண்டுன்னு கேட்டாங்க. மை மதர்ஸ் ஆர் டவுன்ஸ்டேர்ஸ்னு சொல்லிட்டேன்" என்றாள். 'என் அம்மாக்கள் கீழே இருக்கிறார்கள்.' பன்மை. நான் இலக்கணம் அறிந்தவள். இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். காரின் டிக்கியில் ஒரே ஒரு துணிப்பை.

"என்னட்டி, கம்ப்யூட்டர எடுக்கலியா?"

"மடியில வைக்கறது போதும்மா. பெரிசு இங்கயே இருக்கட்டும். ஆவணி ஒண்ணு திங்கள்கிழமையோ ஞாயித்துக்கிழமையோ, காலையில காப்பிக்கு வந்துருவேன்."

"ஞாயிறு" என்றேன். நாள்காட்டியைப் பார்க்காமலே.

இவ்வளவே குறிப்புகள்.

திரு. ஜோயல் அவர்களே, தங்கள் கருவியில் குறையில்லை. குறை எங்கள் அண்டாக்களில் இருந்தது. அவற்றையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆகவே என் குறைமனுவைத் திரும்பப் பெறுகிறேன். கருவியை மாற்ற வேண்டாம். ஒரு முழ வழியும், கட்டிலடி அண்டாக்களும், ஐம்பத்தொன்பதோ அறுபத்தொன்றோ ஆன அந்த எண்ணும் இந்தக் கருவிக்காகவே அமைந்தவை. புதியது வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்; ஆவணிக்கு ஒரு மாதமே உள்ளது.

வரும் திங்களன்று வரவிருக்கும் ஊழியரை நிறுத்திவிட்டீர்களா என்பதை நாளை மாலைக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பிரமநாயகி ஆவுடையப்பன்